ரகசியம் காக்கப்படும்

"கேன்சர்னு அதுல வரக்கூடாது தம்பி. கேட்டா ஒருத்தி வாசல் தாண்ட மாட்டா," என்றாள் கமலாட்சி.

உதயகுமார் அந்தச் சொல்லை அழித்தான். ஐயம்பேட்டை நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையை நினைவூட்டும் செயலி அது. அந்தப் பெண்களோடு உட்கார்ந்தே அதை வடிவமைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முந்தைய இரண்டு முகாம்களிலும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாளையும் அப்படியென்றால் திட்டத்துக்கு மூடுவிழா. அவன் வேலைக்கும்தான்.

"பரிசோதனைன்னும் வேணாம். ஆஸ்பத்திரின்னும் வேணாம்," என்றாள் ஜீனத்.

அழித்தான். மிச்சம் ஐந்தாறு சொற்கள்.

"எழுத்து எதுக்குப்பா? பேசி அனுப்பு. உன் குரலு ரேடியோ கணக்கா இருக்குது," என்றாள் ஜீனத்.

கூச்சத்தோடு பேசினான்.

"மொட்டையா கூப்ட்டா எவ வருவா? பேரச் சொல்லிக் கூப்புடு," என்றாள் கமலாட்சி.

பெயர்களையும் சேர்த்தான். ரகசியம் காக்கப்படும் என்று சொல்வது விதி, அதையும் விடவில்லை. மூலையில் நர்ஸ் மேரி தன் பையில் ஒரு டார்ச்சைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு வீடுகளில் அவன் குரல் ஒலித்தது.

"ஜீனத், பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வாங்க. காத்திருப்பேன். விஷயம் நமக்குள்ளேயே இருக்கும்."

வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் கணவனின் தறியில்தான் தொங்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு இருபத்திரண்டு கணவர்கள் வந்தார்கள். முன்னால் ஜீனத்தின் கணவன் முஜீப், வாய் நிறையப் பாக்கோடு.

"எவன்டா அது, காத்துக்கினு இருக்கறவன்?"

உதயகுமார் மேசைக்குப் பின்னால் போனான். மேரி முன்னால் வந்தாள்.

"கத்தறதா இருந்தா பாக்கத் துப்பிட்டு, வாய நல்லாத் தொறந்து கத்துங்க," என்று டார்ச்சை அடித்தாள்.

முஜீபின் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. மேரியின் முகம் மாறியது.

"எத்தினி நாளா?"

"ஒரு... ஆறு மாசம்."

"நாளைக்கே பெரிய டாக்டரப் பாக்கணும். சீட்டு தரேன்."

மற்றவர்களும் பாக்கைத் துப்பிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

மதியம், பதிவேட்டில் இருபத்திரண்டு பெயர்கள். ஒன்றுகூடப் பெண்ணின் பெயர் இல்லை. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து உதயகுமார் கைகூப்பினான்.

"மன்னிச்சிடுங்க. என்னால உங்கள்ல ஒருத்தருக்குக்கூடப் பரிசோதனை நடக்கல."

ஜீனத் கணவனின் சீட்டைப் பத்திரமாக மடித்தாள்.

"எங்களுக்கெல்லாம் மேரி சிஸ்டர் போன மாசமே பாத்துட்டாங்க தம்பி. ஆறு மாசம் கெஞ்சியும் அசையாத மனுசனக் கூட்டியாரத்தான் உன் குரலு வேண்டியிருந்துது."