ரேடியோ செட்டுக்காரருக்குக் கீழே

மதுரையில் காலி இடத்தைக் கண்டால் ஆத்திரப்படுகிற மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் ஃபிளெக்ஸ் அண்ணன். சுவர், தட்டி, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் அதில் யாருடைய முகமாவது இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி மூன்றுக்கும் பேனர் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பழங்காநத்தத்தில் ஒரு செருப்புக் கடை மாடியில் வலைப்பக்கம் வடிவமைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். என் கணவரின் சுங்குடிச் சேலைக் கடைக்கு ஒரு பக்கம் செய்யலாமென்று நான் சேர்ந்தேன். அடுத்த நாற்காலியில் அண்ணன்.

முதல் பாடம் இது: பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு கோப்பு; அது எந்த நிறத்தில், எந்த அளவில், எங்கே தெரிய வேண்டும் என்பது இன்னொரு கோப்பு. இரண்டாவதற்கு சிஎஸ்எஸ் என்று பெயர். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் பயிற்சியாளர்.

“இதுல ஓட்டை போட முடியாதுல்ல சார்?” என்றார் அண்ணன்.

“என்ன ஓட்டைண்ணே?”

“கயிறு கட்டுற ஓட்டை.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடைவேளையில் என்னிடம் விவரம் சொன்னார். அவர் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு அவரே அடித்த பேனரில், மனைவியின் ஒரே தம்பிக்கு நெற்றியில் கயிற்று ஓட்டை விழுந்துவிட்டது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அந்த மச்சினன் அன்று சாப்பிடாமல் போனவர்; அதன்பின் பேசவே இல்லை. இப்போது அண்ணனின் மகளுக்குக் காது குத்த வேண்டும். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் குத்திக்கொள்ள வேண்டும்.

“அதான் தங்கச்சி, இந்தத் தடவை போர்டே வேணாம். கம்ப்யூட்டர்ல பத்திரிகை. கயிறும் இல்ல, ஓட்டையும் இல்ல. அவன் வந்துருவான்.”

பயிற்சியாளர் எழுத்தின் அளவைப் பிக்சலில் சொன்னார். “அடிக் கணக்குல சொல்லுங்க சார்” என்று அண்ணன் டேப்பை எடுத்துத் திரைமேல் வைத்தார்.

“பெட்டியைச் சுத்திக் கொஞ்சம் எடம் விடுங்கண்ணே, பாக்க இதமா இருக்கும்.”

“இம்புட்டு எடத்தையா? அதுல ரெண்டு சித்தப்பாவை வைக்கலாம் சார்.”

ரோஸ் நிறப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, அதற்குப் பச்சையில் கரை, கரைக்கும் ஒரு நிழல். பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“கண்ணு கூசுதுண்ணே.”

“கூசணும் சார். பஸ்ல போறவன் திரும்பிப் பாக்கணும்ல?”

“இதை எல்லாரும் கையில வச்சுல்லண்ணே பாப்பாங்க.”

“எதுல வச்சுப் பாத்தா என்ன, மூஞ்சி மூஞ்சிதானே” என்றார். அவரிடம் இருந்தது பட்டன் போன். படமென்றால் ஆள் உயரமாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அதைவிடப் பெரிய போன் எதற்கு?

பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்தார். இடப்பக்கம் அவருடைய பங்காளிகள். நடுவில் மகள். வலப்பக்கம் மனைவி வீட்டார். அதன் உச்சியில், மற்ற எல்லா முகங்களையும் விடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன். மகள் படத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. மிஞ்சியது மிஞ்சியபடியே இருந்திருக்கலாம். அண்ணன் அங்கே சமையல்காரரையும், விசேஷத்துக்குப் பாட்டுப் போடும் ரேடியோ செட்டுக்காரரையும் கும்பிட்டபடி நிற்க வைத்தார்.

அகலம் போதாத திரையில் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்துகொள்வதற்கு ஒரு வரி உண்டு. பயிற்சியாளர் சொன்னபடி எல்லோரும் அதை எழுதினோம். அண்ணனும் எழுதினார்.

முதல் அழைப்பு தாய்மாமனுக்கு என்பது முறை. எனவே வேறு யாருக்கும் காட்டாமல், மனைவியின் போனை வகுப்புக்குக் கொண்டுவந்து, பயிற்சியாளரைக் கொண்டு மச்சினனுக்கு அனுப்பினார். நாங்கள் கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“மச்சான், நான் ரேடியோ செட்டுக்காரனுக்குக் கீழயா?”

“ஏ மாப்ள, நீ மேல இருக்கய்யா! வலது பக்கம், உச்சியில! நல்லாப் பாரு!”

“ஒங்க பங்காளி அம்புட்டுப் பேரையும் தள்ளித் தள்ளி வாரேன். சமையக்காரரு வந்தாரு. செட்டுக்காரன் வந்தான். அவனுக்கும் அடியில நான். அன்னைக்கு நெத்தியில ஓட்டை போட்டீக. இன்னைக்குக் காலடியில போட்டுட்டீக.”

“நீ எதுல பாக்குற மாப்ள?”

“கண்ணாலதான் பாக்குறேன்!”

இணைப்பு துண்டானது. நாங்கள் அந்தப் போனிலேயே திறந்து பார்த்தோம். மச்சினன் சொன்னது சரிதான். போனின் சின்னத் திரையில் மூன்று பத்திகளும் மடிந்து, இடம், நடு, வலம் என்ற வரிசையில் கீழிறங்கியிருந்தன.

“ஒரு வரி மாத்துனா அவரு முதல்ல வந்துருவாருண்ணே” என்றார் பயிற்சியாளர். அண்ணன் காதில் அது விழவில்லை. தான் வைத்த இடம் வேறு என்று மச்சினனுக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர் அறிந்த வழி ஒன்றுதான். பெரிய திரையில் தெரிந்த பக்கத்தை அப்படியே ஃபிளெக்ஸில் அடித்து, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வகுப்பில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வாசல்ல விரிச்சுக் காட்டுனேன் தங்கச்சி. தெருவே கூடிருச்சு. ‘இதுதான்யா அசலு, நீ பாத்தது மடிஞ்சு போனது’ன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘நான் கோவிச்சுக்கிட்ட பெறகு அடிச்ச போர்டுதானே’ன்னுட்டான்.” விசைப்பலகைத் தூசியை விரலால் துடைத்தார். “அதுல ஒரு ஓட்டைகூடப் போடல தங்கச்சி. அதைக் கவனிச்சானான்னு தெரியல.”

திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. நானும் போயிருந்தேன். ஆசாரி காத்திருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறதென்று பெரியவர்கள் பறந்தார்கள். அண்ணனின் மனைவி வாசலைப் பார்த்தபடி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கடைசியில், மாமன் முறைக்கு மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை உட்கார வைத்தார்கள். முன்பின் அறியாத மடி. ஊசி கிட்டே வருவதற்கு முன்பே குழந்தை வீறிட்டது. அண்ணன் தூண் ஓரமாக நின்றார். மண்டபத்தில் அவர் அடித்த பேனர் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்து, “சார், அன்னைக்கு ஒரு வரி சொன்னீங்களே” என்றார். பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். போனில் திறந்தால் இப்போது தாய்மாமன் முதலில் வந்தார். சமையல்காரரும் செட்டுக்காரரும் கடைசிக்குப் போனார்கள்.

“விசேஷந்தான் முடிஞ்சிருச்சேண்ணே, இனிமே எதுக்கு?” என்றேன்.

“முடிஞ்சா என்ன தங்கச்சி? என்னைக்காச்சும் அவனாத் தொறந்து பாத்தான்னா?”

பயிற்சி முடிந்து அவரவர் வழியில் போய்விட்டோம். அந்தப் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அண்ணனைப் பார்க்க வேண்டும் போலத் தோன்றும்போதெல்லாம் அதைத் திறந்து, கூலிங் கிளாஸ் மாமனில் தொடங்கிச் செட்டுக்காரர் வரை விரலால் தள்ளிக்கொண்டே போகிறேன். அத்தனை முகங்களில் அவர் முகம் மட்டும் எங்கும் இல்லை.