பிளவுக்கு வந்த நோட்டீஸ்

லாத்தூரில் நிலம் குலுங்கிய தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பூமிக்கு அடியில் நடப்பதும் அரசாங்கத்துக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. பதினைந்து நாளில் நிலப்பிளவு அறிக்கை அனுப்பச் சொல்லி ஜில்லா ஜில்லாவாகத் தாக்கீது பறந்தது. திருநெல்வேலியில் புவியியல் அதிகாரி குமரகுருபரன் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவருக்குச் சாமி என்றால் துருக்கி தேசத்துப் புவியியலாளர் ஒருவர்தான். பூகம்பத்தில் கிழிந்த நிலத்தை அந்த மனுஷர் ஊர் ஊராக நடந்து பார்த்து, அங்கே பூமி பக்கவாட்டில் நகருகிறது என்று முதன்முதலில் சொன்னவர். அவர் படம் குமரகுருபரன் வீட்டுப் பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் தொங்கியது. மனைவி ராஜராஜேஸ்வரி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பொட்டு வைப்பாள். மாமனார் வழியில் யாரோ தாத்தா என்று நினைப்பு.

முக்கூடல் பக்கம் ஒன்பது நாள் நடந்ததில் நம்மாளுக்கும் ஒரு பிளவு அகப்பட்டது. பாறையில் ஓடிய வெள்ளை ரேகை ஒரே வெட்டாக வெட்டுப்பட்டு, மறுபாதி மூன்று முழம் தள்ளி நின்றது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சந்தோஷமாக அழுதார். பிறகு பிளவின் போக்கிலேயே நடந்தவர், அஸ்திவாரப் பள்ளம் ஒன்றில் முட்டி நின்றார். அரசு மாணவியர் விடுதி. எண்பது பெண்பிள்ளைகள் படுத்துறங்கப் போகிற இடம். அழுகை நின்றுவிட்டது. கட்டடத்தை இருநூறு அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று எழுதி, தாசில்தார் மகேஸ்வரனிடம் நேரிலேயே கொடுத்தார்.

மகேஸ்வரன் கிராம வரைபடத்தை விரித்து, மூலைக்கு மூலை தேடினார்.

"உம்ம பிளவுக்குச் சர்வே நம்பர் என்னவே?"

"பிளவுக்கு ஏது நம்பர்?"

"நம்பர் இல்லாம அரசு நிலத்துல கெடக்குன்னா, அது ஆக்கிரமிப்புல்லா?"

கிராம நிர்வாக அலுவலர் பிச்சைக்கண்ணு சங்கிலி போட்டு அளந்தார். மேற்படி பிளவானது முப்பத்தேழு பேரின் பட்டா நிலங்களில் முன்னனுமதியின்றி நுழைந்து, புறம்போக்கு வழியாக வெளியேறியுள்ளது என்று அறிக்கையும் தந்தார். பதினைந்து நாளில் ஆஜராகி விளக்கம் அளிக்கும்படி பிளவுக்கு நோட்டீஸ் தயாரானது. கையெழுத்துப் போட்டு வாங்க ஆளில்லாததால், பாறையில் பசை தடவி ஒட்டி, ஊருக்குள் தமுக்கும் அடித்தார்கள். பிளவு வரவில்லை. அந்தத் திமிரைக் கண்டித்து, அது இருநூறு அடி வடக்கே விலகிக்கொள்ள வேண்டுமென்று உத்தரவாயிற்று. வரைபடத்திலும் சிவப்புக் கோடு போட்டு விலக்கிவிட்டார்கள்.

குமரகுருபரன் பதறியடித்து ஓடினார்.

"நீரு கேட்டது இருநூறு அடி. நானும் இருநூறு அடிதான போட்டிருக்கேன். ஒரு அடி கொறச்சேனா, சொல்லும்," என்றார் மகேஸ்வரன்.

வீட்டுக்கு வந்து துருக்கிக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறி தட்டியது. அந்த மனுஷர் படித்தது பூமியை. நாம் படிக்க வேண்டியது தாலுகா ஆபீஸை. மறுநாளே பிளவின் பாதுகாவலர் என்ற ஹோதாவில் கோட்டாட்சியர் சித்ரலேகாவிடம் மேல்முறையீடு செய்தார். "மனுதாரராகிய பிளவு பல கோடி ஆண்டுகளாக மேற்படி இடத்தில் இடையூறின்றி இருந்து அனுபவ பாத்தியதை அடைந்துள்ளது. வருவாய்த் துறை பிற்பாடு வந்ததே."

மனுவை மூன்று தடவை படித்தும் சித்ரலேகாவுக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை. ஆதாரம் கேட்டார். வெட்டுப்பட்ட பாறைத் துண்டை மேஜைமேல் வைத்தார் குமரகுருபரன்.

"அட்டஸ்டேஷன் இல்லியே," என்றார் அம்மையார்.

சான்றொப்பம் போட வேண்டிய கெசட்டட் அதிகாரியும் அம்மையாரேதான். கல்லின் முதுகில் 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். பிளவு ஜெயித்தது. அதன் பெயருக்குப் பட்டாவும், விடுதியை இருநூறு அடி தெற்கே மாற்ற உத்தரவும் கிடைத்தன. ஊர்க்காரர்கள் குமரகுருபரனுக்கு மாலை போட்டார்கள்.

புது இடத்தில் கல் ஊன்றும்போது பிச்சைக்கண்ணு பைய அவர் பக்கம் வந்தார்.

"ஐயா, இது குளத்துக்குள்ள வருது. போன வருச வெள்ளத்துல இங்கன ரெண்டு ஆள் ஒசரம் தண்ணி நின்னுச்சு."

குமரகுருபரன் குனிந்து சுத்தியலால் தரையை நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"பிளவு இல்லைல்லா?"

"அது இல்லைங்க. தண்ணிதான்..."

"தண்ணி பொதுப்பணித் துறை பாடு, வே," என்று சொல்லி, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, மாலையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார்.