ஃப்ரெண்டுக்காகத்தான் கேக்கறேன்

"எனக்காகக் கேக்கல முதலாளி. ஒரு ஃப்ரெண்டுக்காகத்தான் கேக்கறேன்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுப்பா. ஃப்ரெண்டுக்கு என்ன?"

"அவனும் நம்ம மாதிரி ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான். ரெண்டு நாட்டுலேர்ந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணு, பாதி வருஷம் பனி கொட்டற நாடு. இன்னொண்ணு, வருஷம் பூரா வெயில் கொளுத்தற நாடு. எதுக்குப் போறதுன்னு தெரியாம முழிக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அடேடே!" என்று முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவன் சம்சாரத்துக்குக் குளிர் ஒத்துக்குமா? குழந்தை படிப்பு என்ன ஆகும்? வீடு கொடுக்கறாங்களா, கேட்டுக்கிட்டானா?"

யாரோ ஒரு ஃப்ரெண்டுக்கு இவ்வளவு அக்கறையா என்று மெக்கானிக் உருகிப் போனார். முதலாளி எப்போதுமே அப்படித்தான். முகம் தெரியாதவனுக்குக்கூட மனசு இரங்குகிற மனுஷன்.

ஃப்ரெண்டாவது கிரெண்டாவது! அந்த ஆள் வேறு யாருமில்லை, சாட்சாத் இதே மெக்கானிக்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எங்கேயும் வேலை கேட்டு எழுதிப் போடவே இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு நாட்டுக் கம்பெனிகளும் தாமாகவே கூப்பிட்டன. 'உங்கள் திறமையைப் பற்றிக் கேள்விப்பட்டோம்' என்றன.

"யாருங்க சொல்லியிருப்பாங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "திறமைன்னா தானாப் பரவும்டி. அதை யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்ல" என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மனைவிக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. "பனி கொட்டற ஊர்ல ஃப்ரிட்ஜ் எதுக்குங்க? பாலை ஜன்னல்ல வச்சாப் போதாதா?"

சிக்கல் பனியுமில்லை, வெயிலுமில்லை. முதலாளிதான். மூன்று பட்டறைகளில் 'உனக்குக் கை சரியில்லப்பா' என்று விரட்டப்பட்டு, நடுத்தெருவில் நின்றவரைக் கூப்பிட்டு, 'கை சரியில்லன்னா என்ன, காது நல்லாருக்கா?' என்று கேட்டு வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் அவர். கம்ப்ரஸர் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே என்ன கோளாறு என்று கேட்டே கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். மனைவிக்கு வலி எடுத்த அன்று, குளிர்பெட்டிகள் ஏற்றி வைத்திருந்த வேனை அப்படியே சாவியோடு கையில் கொடுத்து, 'போ, போ, இதெல்லாம் அப்புறம்' என்று துரத்தியவர். அந்த மனுஷனிடம் போய், 'வர்றேங்க, டாட்டா' என்று எந்த வாயால் சொல்வது?

அதுவும் இப்போது. சமீப காலமாக முதலாளி தளர்ந்துதான் தெரிந்தார். புது வேலை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. வருகிற வாடிக்கையாளர்களைப் பக்கத்துத் தெருப் பட்டறைக்கு அனுப்பினார். அலமாரிகள் பாதி காலி. கதவைச் சாத்திக்கொண்டு, போன் எடுக்கிற பெண்ணிடம் அடிக்கடி ஏதோ குசுகுசுவென்று பேசினார். 'பாவம், என்னை நம்பித்தான் இந்தப் பட்டறையே ஓடுது' என்று மெக்கானிக் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஃப்ரெண்டு பேரு என்னப்பா?" என்றார் முதலாளி.

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். எதிர்ச் சுவரில் செம்புக் குழாய் ஒன்று சுருட்டி மாட்டியிருந்தது. "சுருள்... சுருள்னு கூப்பிடுவோம்."

"சுருளை நாளைக்கே கூட்டிட்டு வா. நான் நேர்லயே யோசனை சொல்றேன். இந்த மாதிரி சந்தர்ப்பம் எல்லாருக்கும் வராது. பையன் கோட்டை விட்டுடக் கூடாது, பாரு."

கிழிந்தது போ, என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கைவசம் இருந்த ஒரே ஆள் மைத்துனன். மனைவியின் தம்பி. சலூனில் முடி வெட்டுகிறவன். நடிப்பில் ஆசை உண்டு. ஆனால் அவன் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"சுருளா? நானா?" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "வேற பேரே கிடைக்கலையா மாமா?"

"வாயில வந்துடுச்சுடா. இனிமே மாத்த முடியாது. வா, ஒத்திகை பார்ப்போம்."

வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாடம் நடந்தது. இது கம்ப்ரஸர், இது கண்டென்ஸர் என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, மைத்துனன் பரீட்சைக்குப் படிப்பவன் போல் தலையாட்டினான். மெக்கானிக் தண்ணீர் குடிக்கத் திரும்பிய சமயத்தில், ஃப்ரீசரில் கட்டியிருந்த ஐஸைப் பார்த்து அவனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

"புஸ்ஸ்ஸ்..."

"மாமா, ஃப்ரிட்ஜ் ஏதோ சொல்லுது!"

"சொல்லலடா, சாகுது!" என்று மெக்கானிக் பாய்ந்து வந்தார். உள்ளே இருந்த கேஸ் மொத்தமும் போய்விட்டது.

சத்தம் கேட்டு வந்த மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் குளிர வைக்கறவரு வீட்டுல பால் கெட்டுப் போகப் போகுது. ஏங்க, அவர்கிட்ட நேராப் போய், 'எனக்குத்தான் வேலை வந்திருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா அவர் மனசு உடைஞ்சு போயிடும்டி."

"இப்ப ஃப்ரிட்ஜ் உடைஞ்சிருக்கே, அது பரவாயில்லையா?"

உண்மைக்குப் பதில் சொல்லும் பழக்கம் மெக்கானிக்குக்கு இல்லை.

மறுநாள் மைத்துனன் மெக்கானிக்கின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். முதலாளி அவன் தலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீதான் சுருளா?"

"முன்னாடி இருந்துச்சுங்க" என்றான் மைத்துனன் அடக்கமாக.

"சரி சரி. அந்த ஃப்ரிட்ஜ்ல என்ன கோளாறுன்னு பாரேன், ஒரு பேச்சுக்கு."

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரை ஸ்டைலாகச் சுழற்றி எடுத்தான். பிடியைக் கம்ப்ரஸர் மேல் வைத்தான். கூரான நுனியைத் தன் காதுக்குள் விட்டுக்கொண்டான். மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'ஆ!' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னப்பா, என்ன கோளாறு?" என்றார் முதலாளி.

"காது... இல்ல, ஃப்ரிட்ஜ்... உள்ள ரொம்ப வலி இருக்குங்க" என்றான் மைத்துனன், கண்ணில் நீர் முட்ட.

தொலைந்தோம், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறார் என்று மெக்கானிக் நடுங்கினார். ஆனால் முதலாளி மேஜையைத் தட்டினார். "ஆஹா! இந்தக் காதுக்கு இங்க வேலை கிடையாதுப்பா. நீயெல்லாம் வெளிநாட்டுலதான் இருக்கணும்!"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு போல்ட் தப்பாக மாட்டினாலே எட்டூருக்குக் கேட்கக் கத்துகிற மனுஷனா இது? வயசாகிவிட்டது, பார்வை மங்கிவிட்டது, பாவம்.

பாராட்டுக் கிடைத்ததும் மைத்துனனுக்கு உள்ளே இருந்த நடிகன் எழுந்து நின்றுவிட்டான். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தான். "போகலாம்தாங்க. ஆனா எங்க முதலாளி இருக்காரே, தங்கமான மனுஷன். நான் ஒண்ணுமில்லாம நின்னப்ப கூப்பிட்டு வேலை கொடுத்தவரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் கொடுத்தது. வீட்டுல பொம்பளைக்கு வலி எடுத்தப்ப வேன் சாவியைத் தூக்கிக் கொடுத்தவரு. அவரை விட்டுட்டு எப்படிங்க போறது? நெனச்சாலே தொண்டையை அடைக்குது."

போன் எடுக்கிற பெண்கூட ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க முதலாளிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா. நீ நல்லா இருக்கணும். அவர் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டார். நான் சொல்றேன், நம்பு. பனி நாடோ வெயில் நாடோ, எதுவானாலும் சரி, போயிடு. உடனே போயிடு."

மெக்கானிக் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ எவரோ, அவனுக்கே இப்படி என்றால், கூடவே கிடந்த தனக்கு இந்த மனுஷன் எவ்வளவு செய்வார்? இவரை விட்டுவிட்டு ஓட நினைத்தோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா?

வெளியே வந்ததும் மைத்துனன் காதைப் பொத்திக்கொண்டே சொன்னான். "மாமா, முதலாளி சொன்னதைக் கேட்டீங்கல்ல? என் திறமைக்கு வெளிநாடுதானாம். நான் சலூன்ல இப்பவே போன் பண்ணி நின்னுட்டேன்."

"எதுலேர்ந்துடா நின்னே?"

"வேலையிலேர்ந்துதான். நீங்க ஒரு நாட்டுக்குப் போங்க. மிச்சம் இருக்கறது எனக்கு."

வீட்டில் மெக்கானிக்கின் மனைவி அதைக் கேட்டுத் தம்பியை விளக்குமாறோடு துரத்தினாள். துரத்தி முடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவளிடம் மெக்கானிக் மெல்லச் சொன்னார். "நான் எங்கேயும் போகலம்மா."

அவள் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் எல்லாம் பனியைப் பற்றிப் பேசிவிட்டிருந்தாள். குழந்தைக்குக் கம்பளித் தொப்பிகூட பின்ன ஆரம்பித்திருந்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல பள்ளிக்கூடம், நல்ல வீடு எல்லாம் கையை விட்டுப் போகுது. அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அன்னிக்கு அந்த வேன் இல்லேன்னா நம்ம பொண்ணு நடு ரோட்டுலதான் பொறந்திருப்பா. அதை மறந்துட்டு எந்த நாட்டுல போய் நிம்மதியா இருக்கறது? இருங்க. அவரோடவே இருங்க."

இப்படி ஒரு மனைவி, அப்படி ஒரு முதலாளி! தனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று மெக்கானிக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்தவர் நேரே முதலாளி முன்னால் போய் நின்றார். ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க முதலாளி. ஃப்ரெண்டெல்லாம் யாரும் இல்ல. வேலை வந்தது எனக்குத்தான். அந்த மொட்டைத் தலை என் மைத்துனன். ஆனா நான் முடிவு பண்ணிட்டேன். பனி நாடும் வேண்டாம், வெயில் நாடும் வேண்டாம். எனக்கு உங்களை விட்டா யாரு? என் உயிர் இருக்கற வரைக்கும் இந்தப் பட்டறையிலதான். எங்கேயும் போக மாட்டேன்!"

முதலாளி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். முகம் வெளுத்தது.

"எங்கேயுமா?"

"எங்கேயும்!"

"ரெண்டுல ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல முதலாளி!"

முதலாளி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று எழுந்து மெக்கானிக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே விசும்பல் கேட்டது. சந்தோஷத்தை அடக்க முடியாமல் அழுகிறார் என்று மெக்கானிக்குக்கும் அழுகை வந்தது.

காலி அலமாரியில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரே பதில் தட்டினார்: 'தங்கள் அன்புக்கு நன்றி. எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தார். அனுப்புவதற்காகக் கட்டை விரலைத் தூக்கினார்.

போன் எடுக்கிற பெண், முதலாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, காலி டம்ளரோடு உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். மெக்கானிக் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நீங்களாவது ஒரு யோசனை சொல்லுங்களேன்: நம்ம முதலாளிக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்காராம், இந்த மாசத்தோட அவர் பட்டறையை மூடறாராம், கூட இருந்த மெக்கானிக் கஷ்டப்படக் கூடாதுன்னு ரெண்டு நாட்டுல சொல்லி அவனுக்கு வேலை வாங்கி வச்சாராம், அந்த மனுஷன் இன்னிக்கு வந்து 'எங்கேயும் போக மாட்டேன்'னு ஒரே பிடியா நிக்கறானாம்!"