டியூட்டரி வாசல் தகப்பன்

யுத்த காலத்துக் கொழும்பில் செழித்து வளர்ந்த ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், டியூட்டரி வாசல் தகப்பன். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ டியூஷன் நடத்தும் எந்த டியூட்டரி முன்னால் போய் நின்றாலும் காணலாம்: ஒரு கையில் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் அடுத்த வகுப்புக்கான கொப்பி, வாயில் "உங்கட பிள்ளைக்குக் கணக்கு எந்த சேர்?" என்ற கேள்வி. நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் போதும், மனிதரின் முகம் வாடிவிடும். அந்த சேரிடம் தம் பிள்ளை இன்னும் போகவில்லையே. அடுத்த கிழமை போகும்.

எங்கள் தெரு பேர்னாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். மகள் ஜசிந்தாவுக்கு வயது பதினைந்து. பள்ளிக்கூடம் விட்டதும் கணக்கு, கணக்கு முடிய விஞ்ஞானம், விஞ்ஞானம் முடிய ஆங்கில உச்சரிப்பு, சனிக்கிழமை வயலின், ஞாயிறு பூசை முடிந்த கையோடு சிங்களம், அந்தச் சிங்களத்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரனோடு பேசிப் பழக வேண்டும் என்று ஓர் உத்தரவு வேறு. ஒருநாள் ஆமிக்காரன் அவளுடைய பையைத் திறந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பாதியிலேயே அலுத்துப்போய், "போ நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லி அனுப்பிவிட்டான். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் களைத்துவிட்டான். பேர்னாட் களைக்கவில்லை.

ஏன் இப்படி என்று அவர் மனைவி மரியபுஷ்பத்தைக் கேட்டால், "ரோட்டில எது எப்ப வெடிக்கும், ஆரை எப்ப பிடிப்பாங்கள் எண்டு தெரியாது. பிள்ளை கிளாசுக்குள்ள இருந்தா நான் நிம்மதியா சமைப்பன்" என்பார். அந்தப் பயம் பொய்யில்லை, எனக்கும் இருந்தது. அதற்கு மருந்தாக வயலின் எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

ஜசிந்தாவுக்கு நித்திரை இல்லை. ஓயாத தலையிடி. சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்தால் காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போது சொல்வது? அதற்குத்தான் நேரமில்லையே. கடைசியில் அரசாங்கமே இரங்கி ஊரடங்குச் சட்டம் போட்டது. பள்ளிக்கூடம் இல்லை, டியூட்டரி இல்லை, தகப்பனும் மகளும் ஒரே மேசையில்.

"டடி, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"கதையுங்க மகள்."

"எனக்கு ஏலாது. சரியான களைப்பு. ஒண்டு ரெண்டு கிளாசை நிப்பாட்டுவமா?"

பேர்னாட் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "சும்மா இருக்கிறதாலதான் இப்பிடி யோசினை எல்லாம் வருது," என்றார். "மேல்மாடி பழனிமுத்து மாஸ்டரும் இண்டைக்கு வீட்டிலதானே நிப்பார்."

ஊரடங்கு எடுக்கும்வரை மேல்மாடியில் விசேட வகுப்பு நடந்தது. மாஸ்டருக்கும் தப்பி ஓட வழியில்லை, வெளியே ஆமி.

பிறகு வந்தது பேச்சுப் போட்டி. தலைப்பு, காலம் பொன் போன்றது. நம்மவர் வழக்கப்படி பேச்சைத் தகப்பன் எழுத, பிள்ளை பாடமாக்கினாள். முன்வரிசையில் இருந்த பேர்னாட், மேடையில் நின்ற மகளோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். 'பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே' வரைக்கும் இரண்டு உதடுகளும் ஒன்றாகவே போயின. அங்கே ஜசிந்தா நிறுத்தினாள்.

"எனக்குக் காலமே இல்லை," என்றாள். "நித்திரையும் இல்லை. ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகும் வழியில் ஓட்டோவுக்குள் அழுகிறேன். அழுவதற்கு அங்கேதான் நேரம் கிடைக்கிறது. என் அம்மாவும் அப்பாவும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் சொன்னேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. மேடையில் சொன்னால் கேட்பார்கள் என்று இங்கே சொல்கிறேன்."

மரியபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பேர்னாட் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். மனிதர் திருந்திவிட்டார் என்றே நம்பினேன்.

வெளியே வந்ததும் மகளின் தலையைத் தடவினார்.

"நல்லாச் சொன்னீங்க மகள். நெஞ்சைத் தொட்டிட்டுது."

ஜசிந்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா கையை அசைக்கேல்ல. நித்திரை எண்ட இடத்தில குரலும் விழுந்திட்டுது. அதாலதான் ரெண்டாம் இடம். வெள்ளவத்தையில பேச்சுக்கெண்டே ஒரு சேர் இருக்கிறாராம்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒன்று அடுத்த அறையில் குனிந்து படித்துக்கொண்டிருக்கும். "இங்க வா, இதைச் சத்தமா வாசி, உச்சரிப்புக்கு நல்லது" என்று அதைக் கூப்பிட நீங்கள் வாயெடுத்துவிட்டீர்கள் அல்லவா?