என் கைராசியும் அப்பாவின் பேருந்துகளும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

உங்கள் அக்காள் மகனும், இந்த வீட்டின் கணினிப் பிரிவுத் தலைமைப் பொறியாளனும் (சம்பளமில்லாத பதவி) ஆகிய நான் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் கவனித்துக்கொள்ளவும்.

கனத்த இதயத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நீங்கள் ஒவ்வொரு திருகாக முடுக்கிக் கட்டிக் கொடுத்த நம் கணினி, நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழிக்க மறுத்துவிட்டது. “கணினி கணினின்னு கூப்பிட்டோமே, கண் இனித் திறக்குமா?” என்று நான் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நம் வீட்டில் போன் என்பது பொதுக்கூட்டம். ஒருவர் கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். தவிர, அப்பா உங்களுக்கு நேற்றே ஆறு தடவை போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டிலும் உங்கள் தொழிற்சாலையில் போன்களை வாங்கி வாசலிலேயே பூட்டிவைத்துவிடுவார்கள் என்பது ஆறாவது தடவைதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்பா இவ்வளவு பதறியதற்குக் காரணம் உண்டு. டிப்போவில் அவருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும்: எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அட்டவணை போடுவது. நாற்பத்திரண்டு வண்டிகளுக்கும் புதிய அட்டவணை இன்று திங்கட்கிழமையிலிருந்து. அதற்காக நாலு மாதம், விடுமுறை நாளெல்லாம் கையில் கடிகாரத்தோடு முச்சந்தி முச்சந்தியாக நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரி வழியில் முதல் வண்டியை ஐந்து பத்துக்கு விடுவதற்கு மேலதிகாரிகளிடம் மல்லுக்கட்டி வாங்கியிருக்கிறார். அத்தனையும் இந்த ஒரே பெட்டிக்குள். வேறு பிரதி கிடையாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் டிப்போவில் கொடுத்தால்தான் அச்சடித்து நிறுத்தங்களில் ஒட்டுவார்கள். கொடுக்காவிட்டால் பழைய அட்டவணையே ஓடும். இன்னொரு வாய்ப்பு அடுத்த வருடம்தான்.

“டேய், பொத்தானை அமுக்கினா ஒரு சத்தம்கூட வரலைடா,” என்றார் அப்பா. பொத்தானை விட்டு விரலை எடுக்கவே இல்லை. லிஃப்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

“தள்ளி நில்லுங்க. நோயாளிக்குக் காத்து வரட்டும்,” என்றேன் நான்.

“இவன் கையில குடுக்காதீங்கப்பா,” என்றாள் தங்கச்சி. வீட்டில் நடப்பதையெல்லாம் மூன்று தெருவுக்கு ஒலிபரப்பும் அதே தங்கச்சிதான். “போன தடவை குக்கர ரிப்பேர் பண்றேன்னு விசிலைத் தொலைச்சவன்.”

அந்த அவதூறைப் பொருட்படுத்தாமல் திருப்புளியை எடுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மாமா, நீங்கள் கட்டும்போது நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன், அதனால் உள்ளே பார்த்தது இதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு ஊரே இருக்கிறது! மயிரிழையில் போட்ட செப்புத் தெருக்கள், தண்ணீர்த் தொட்டி மாதிரி குட்டிக் குட்டி உருளைகள், கறுப்புக் கட்டடங்கள், அதன் வாசலில் எறும்பெழுத்தில் முகவரி. தெருவில்தான் ஒரு ஆளைக் காணோம். அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்து மணிக் கெடு அவருக்கு மறந்தே போய்விட்டது.

“எவ்வளவு ரூட்டு பாரு! ஒண்ணோட ஒண்ணு முட்டாம, ஒதுங்கி ஒதுங்கிப் போகுது பாரு! இதுக்கு டைம்டேபிள் யாருடா போட்டது?” என்றார்.

எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் பொறியாளன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கலாமா? கழற்றக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, தூசி தட்டி, “ம்… ம்…” என்று முனகி, திரும்ப மாட்டினேன். கடைசியாகப் பெட்டியின் பின்பக்கம் கைவிட்டு ஓர் இடத்தில் தொட்டேன். எந்த இடம் என்பது தொழில் ரகசியம். இப்போது பொத்தானை அமுக்கச் சொன்னேன். விர்ரென்று மின்விசிறி சுற்றியது! “மூச்சு வந்துடுச்சு!” என்று அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். தங்கச்சிகூட ஒரு கணம் என்னை மனிதனாக மதித்தாள்.

ஒரு கணம்தான். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப், பீப், பீப் என்றது. நிறுத்தி மறுபடி போட்டோம். பீப், பீப், பீப். திரையின் கம்பியை மாற்றிச் செருகினேன். விசைப்பலகையைப் பிடுங்கினேன். அது அதே மூன்று வார்த்தையைத்தான் சொன்னது. மணி ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரிப்பேர் கடையும் கிடையாது. அப்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு வண்டிகளையும் ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். பதினொன்றாவது வண்டியில் பென்சில் நின்றுவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து அம்மா வந்தாள். பல் டாக்டரிடம் பதினெட்டு வருடம் உதவியாளராக இருக்கும் உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நேற்று நான் பார்த்தது வேறு அம்மா. பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகைக்குப் பெயரே மதர்போர்டு. பெயரிலேயே மதரை வைத்துக்கொண்டு அதுவரை மதரைக் கூப்பிடாமல் இருந்தது எங்கள் முட்டாள்தனம்.

“முதல்ல கரண்ட எடு,” என்றாள். கைகழுவித் துடைத்தாள். கிளினிக்கில் கழித்துப்போட்ட பழைய கண்ணாடி ஒன்று அவள் பையில் இருக்கும், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, அதை எடுத்தாள். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னாள். “ஆட்டாதே” என்று ஒரே வார்த்தை. கண்ணாடியை உள்ளே விட்டு, கடைவாயிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க, வலிக்காது,” என்றாள் பெட்டியிடம்.

“அம்மா, அது கம்ப்யூட்டர்ம்மா,” என்றாள் தங்கச்சி.

“இருக்கட்டும். சொல்லிப் பழகிடுச்சு.”

ஓரிடத்தில் கண்ணாடி நின்றது. நினைவுப் பட்டைகள் இரண்டும் நிற்கும் இடம். விரல் நீளத்துப் பச்சைத் தகடுகள், அவற்றின் பெயர்தான் ரேம். நாங்கள் மூன்று பேரும் மணிக்கணக்காக முறைத்துப் பார்த்த இடம் அது. எங்கள் கண்ணுக்கு இரண்டும் நேராகத்தான் நின்றன.

“இந்தப் பல்லு ஈறுல உட்காரலை. பாரு, இந்தப் பக்கம் கொக்கி மூடலை,” என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நகக்கண் அளவு இடைவெளி. அந்த நகக்கண்ணுக்குள் நாற்பத்திரண்டு பேருந்துகளும் மாட்டிக்கொண்டு நின்றன, மாமா!

இரண்டையும் அலுங்காமல் பிடுங்கினாள். தங்கச்சியின் ரப்பரை வாங்கி, அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களை மெல்லத் தேய்த்துத் துடைத்தாள். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். டக். இன்னொரு டக். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “இப்ப போடுங்க,” என்றாள் அப்பாவிடம்.

பொத்தானை அமுக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. அம்மாவே அமுக்கினாள். ஒரே ஒரு பீப். திரை விழித்தது. மணி மூன்று ஐம்பது. அப்பாவின் கோப்பு ஒரு வரி குறையாமல் அப்படியே இருந்தது. அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை, திரையில் ‘5.10’ என்று இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் மூன்று பென்டிரைவில் பிரதி எடுத்து, மூன்றையும் மூன்று பைகளில் போட்டுக்கொண்டு ஓடினார். அம்மா கண்ணாடியைக் கழுவிப் பையில் வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். ஒரு பெருமைப் பேச்சு இல்லை. நானாக இருந்தால் தெருவில் தோரணம் கட்டியிருப்பேன்.

இன்று காலை அப்பா என்னையும் எழுப்பி ஆஸ்பத்திரி வழி நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சரியாக ஐந்து பத்து. வண்டி வந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள். யாரும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா பேருந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தோளில் கைபோட்டு, “முதல் மூச்சு உன் கையாலதான்டா வந்துச்சு,” என்றார். ஆகவே, மாமா, அம்மாவின் பங்கு போக மீதிப் பெருமை முழுவதும் எனக்கே உரியது என்பதையும், நீங்கள் கழித்துக்கட்டப்போகும் உங்கள் பழைய கணினியை இப்படிப்பட்ட கைராசிக்காரனிடம் ஒப்படைப்பதே முறை என்பதையும் பணிவன்புடன் சுட்டிக்காட்டுகிறேன்.

அத்தைக்கு வணக்கம். குட்டிப்பயலுக்கு என் சார்பில் கன்னத்தில் ஒரு கிள்ளு. தங்கச்சி உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், வேண்டுமென்றே எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆசிகளுக்குக் காத்திருக்கும்
தலைமைப் பொறியாளன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். பெட்டியின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதல்லவா? சனிக்கிழமை சாயங்காலம் அதை அணைத்துவைத்தது நான்தான். வீட்டில் எதைத் தொட்டாலும் “அவன் கையில குடுக்காதே” என்கிறார்கள். பத்து நிமிடம் நடித்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, ஒரே ஒரு தடவை பெரிய ஆள் ஆகலாம் என்று நினைத்தேன். நடிப்பு தத்ரூபமாக இருக்கட்டும் என்று ரேமைக் கழற்றி ஊதி அரைகுறையாகச் செருகியதும் நானே. அப்பா பென்சிலோடு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கம் என்னால் பார்க்கவே முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். துணி மடிக்கும்போது, “நல்லா இருந்த பல்லு தானா ஆடாதுப்பா. அப்பாகிட்ட நீயே சொல்லிடு,” என்றாள்.

இன்று நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். டிப்போ முழுக்க என் கைராசியைப் பற்றி நேற்றே சொல்லியாகிவிட்டதாம். அங்கேயும் ஒரு கணினி இரண்டு வாரமாக விழிக்கவில்லையாம். சனிக்கிழமை பத்து மணிக்கு என்னைக் கூட்டிவரச் சொல்லி மேனேஜரே கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அன்று கிளினிக். “பின்னால ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதைப் பாத்தாங்களாப்பா?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“அதைத்தான் முதல்ல பாத்தாராம். ஆன்லதான் இருக்காம்,” என்றார் அப்பா, எனக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டே.

மாமா, அப்பாவிடம் நான் இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. சொன்னாலும் அவர் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டுதான் போவார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவும். சுவிட்ச் ஆன்-இல் இருந்தால் அடுத்து என்ன பார்க்க வேண்டும்?