குழாய்க்குள் புயல்

குளியலறைக் குழாய் மூன்றாவது முறையாக 'டொக் டொக்' என்றதும் ஐயோ சார் எழுந்து ஓடினார்.

ஆபீசில் எதைச் சொன்னாலும் முதலில் "ஐயோ" என்பதால் வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயருக்கு நியாயம் இருந்தது. வெளியே புயல். காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் இருட்டு. தெருவில் யார் வீட்டுத் தகரமோ உருண்டு கொண்டிருந்தது.

மாடியிலிருந்த வீட்டுக்காரரின் கார் விடிந்ததுமே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. முந்தின நாளே அவர் இறங்கி வந்து விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்.

"டேங்க்ல தண்ணி ரொம்பி நிக்கணும். இல்லேன்னா காத்து தூக்கிட்டுப் போயிடும். ஒரு குழாய் உடைஞ்சாலும் சரி, மறுநாளே வீட்டைக் காலி பண்ணணும்."

ஆறு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. இரண்டு மகள்களுக்கும் அடுத்த வாரம் பரீட்சை. சட்டி பானையோடு தெருவில் நிற்கும் காட்சி ஐயோ சாரின் கண்முன் வந்து போனது.

டொக் டொக் டொக்.

"என்னங்க, யாரோ உள்ளேருந்து தட்டுற மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

"ஐயோ, நீ வேற பயமுறுத்தாத!"

பிளம்பருக்கு போன் போட்டார். "குழாய்ல காத்து அடைச்சிருக்கும் சார். எல்லா டாப்பையும் திறந்து விடுங்க, போயிடும்" என்றார் அவர்.

திறந்து விட்டார். தண்ணீர்தான் போனது, தட்டல் போகவில்லை. கால்மணி நேரம் கழித்துத்தான் மனைவிக்கு உறைத்தது.

"ஐயையோ, டேங்க் காலியாகுதே! பறந்துடப் போகுதுங்க!"

டாப்புகளை மூடினார். மனசு கேட்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் ஓடி, டேங்க்கிலிருந்து இறங்கும் மெயின் வால்வையே இறுக்கி மூடினார். மழை முகத்தில் அறைந்தது. திரும்பி வருவதற்குள் குழாய்க்கு வெறி பிடித்துவிட்டது. டமார், டமார் என்று சுவரே அதிர்ந்தது.

மறுபடி போன் போட்டார். லைன் போய்விட்டது.

ஐயோ சார் குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் அவருக்கும் கோபம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"எல்லாம் அந்தக் கஞ்சப் பிசினாறியாலதான்! துருப்பிடிச்ச குழாயைப் போட்டுட்டு நம்மளைக் காவலுக்கு வச்சிட்டுப் போயிட்டான் பாரு!"

"மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? நேர்ல வந்தா 'வாங்க சார், உக்காருங்க சார்'னு பல்லைக் காட்டித் தொலைக்கணும். இப்பயாவது பேசுறேன். அவன் மூஞ்சியும் அந்த ஒட்டடைக்குச்சி மீசையும்!"

மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஜன்னலில் ஆணி அடிக்கக் கூடாது என்றதிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்காரரின் குறட்டை வரை இருவரும் மாற்றி மாற்றித் தீர்த்தார்கள். அப்போதுதான் தரையிலிருந்த கழிவுநீர்த் துவாரத்தின் வழியாக அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு ஊளை கேட்டது.

"ஊ... ஊ..."

மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். ஐயோ சார் ஒரு தலையணையைத் துவாரத்தில் திணித்து, அதன் மேல் கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து வைத்தார். ஊளை அடங்கியது. ஆனால் ஜன்னல் வழியாக அடித்த மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கணுக்கால் வரை ஏறியது. மகள்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பக்கெட்டால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள்.

நாலு மணிக்குக் காற்று ஓய்ந்தது. காலையில் பேசியதை நினைத்து பிளம்பரே தேடி வந்து சேர்ந்தார். தலையணையைப் பிடுங்கினார், தண்ணீர் கடகடவென்று வடிந்தது. வால்வைத் திறந்தார். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுகல சார். டேங்க்கை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"அப்பாடா!" என்றார் ஐயோ சார்.

"உங்க வாயில இதுகூட வருமா?" என்று மனைவி சிரித்தாள். வீடு தப்பித்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிளம்பர் போய் வெகுநேரமாயிற்று. மேலே எதையோ உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, ஐயோ சாரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வீட்டம்மாவை மட்டும் கார்ல அனுப்பிட்டு, உங்களை நம்பாம வீட்டுக்காரர் இங்கயே தங்கிட்டாராம் சார், மாடி பாத்ரூம்ல தாழ்ப்பாள் சிக்கி காலையிலேருந்து குழாயைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காரு, நீங்க பேசினதை ஒரு வார்த்தை விடாம ஒப்பிக்கிறாரு!"