கரி பஸ்ஸுக்கு நாடி பார்த்தவர்

உலகத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர், தெரியாதவர்கள் பலர். இந்த இரண்டிலும் சேராமல், வண்டிக்கு என்ன நோவு என்பது மட்டும் தெரிந்த மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வண்டி வைத்தியர் என்று அவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருக்காது. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன்.

வண்டி ஒழுங்காக ஓடுகிறவரை அவர் தூங்குவார். வேகம் எடுக்கும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டிக் குலுங்கியதோ இல்லையோ, கண்ணைத் திறந்து, தலையைச் சாய்த்து, ஒரு விரலை உயர்த்தி, பேசிக்கொண்டிருப்பவர்களை அடக்கி, அழுகிற பிள்ளைக்குக்கூடப் பால் கொடுத்து வாயை மூடச் சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டுவிட்டு, கடைசியில் "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் மூட்டை முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிறகு அவருடைய சகலையின் சிநேகிதர் வேலூரில் வைத்திருந்த காரின் கதை வரும். அந்தக் காருக்கும் இதே வெட்டுத்தானாம். அது என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் வண்டி வைத்தியர் வெளியே மலையைப் பார்ப்பார்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் பிடித்ததும் இந்த இனத்துக்கு யோகம் அடித்தது. பஸ்ஸின் முதுகில் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் ஜவ்வாது மலைக் கரியைக் கொட்டிக் கொளுத்தி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு இன்ஜினை ஓட்டினார்கள் அல்லவா? பெட்ரோலைப் பற்றிப் பேச வண்டி வைத்தியருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. அடுப்பும் கரியும் யாருக்குத் தெரியாது? இருந்த கூச்சமும் போயிற்று.

எங்கள் லாசரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா கச்சேரியில் டவாலி போட்ட சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி மகள் ஜோசபினுக்கு, ஆலங்காயம் தாண்டி மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், லீவு முடியப் போகிறது. மறுநாளோ விபூதிப் புதன். நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் பாஸ்குப் பண்டிகை வரைக்கும் கோயிலில் தாலி ஏறாது, அதற்குள் அவர் பர்மா எல்லைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். போனவர்கள் எல்லோருமா திரும்பி வருகிறார்கள்? அன்று விட்டால் விட்டதுதான். சாமியாரும் முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருக்கிறார். உச்சிப்பொழுது தாண்டினால் பூசை கிடையாது, பூசை இல்லாவிட்டால் தாலியும் கிடையாது.

பெண் வீட்டார் கரி பஸ் ஒன்றை வாடகைக்குப் பேசிக் காலையிலேயே கிளம்பினார்கள். நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். மலையடிவாரத்து முதல் மேட்டில் பஸ் லேசாக வெட்டியது. கரி பஸ் மேட்டில் வெட்டத்தான் செய்யும், முனகிக்கொண்டே ஏறியும் விடும். ஆனால் லாசர் விழித்துவிட்டாரே! டிரைவர் சடையனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உருளையின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கரி ஜவ்வாது மலைக் கரி இல்லையாம், செங்கத்துக் கரியாம், ஈரமாம். அடுத்த மேட்டில் மறுபடி நிறுத்தித் திறந்தார். இப்போது கரி நல்ல கரிதானாம், நெருப்பின் நிறம்தான் சரியில்லையாம். திறந்தால் வாயு கெட்டுப்போகும் என்று சடையன் சொல்லிப் பார்த்தான்.

"உனக்கு இன்னா தெரியும்? நீ ஓட்றவன்," என்றார் லாசர்.

மூன்றாவது தடவை நோவு பிடிபட்டுவிட்டது. உருளைக்கு மூச்சு முட்டுகிறதாம். மூடிக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சந்து விட்டார். அதற்குப் பிறகு பஸ் வெட்டிய வெட்டு இருக்கிறதே, முன்சீட்டில் நெற்றி இடிக்காதவர் யாரும் இல்லை. நோவு வெளியே வருகிறது என்று லாசர் திருப்திப்பட்டார். பெண்கள் ஜெபமாலையை எடுத்தார்கள். ஜோசபினின் அப்பா அடைக்கலம் சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தார். கல்யாண நாளில் பெண்ணின் பெரியப்பாவை யார் அதட்டுவது? மரியாதை என்ன ஆவது? கல்யாணம் நின்றாலும் நிற்கலாம், பெரியப்பாவின் மனம் கோணக்கூடாது. நம்முடைய மரியாதையின் லட்சணம் இது.

ஜோசபின் பின்சீட்டில் உருளைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவை மூடியைத் திறந்த பிறகும் வெட்டு அதிகமாவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணப் பெண் தலை நிமிரக் கூடாது, பேசக் கூடாது. லாசர் மறுபடி துண்டைக் கையில் சுற்றியபோது அவள் எழுந்து, பக்கத்தில் இருந்த கல்யாண மாலைத் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பெரியப்பா, இத்த ரெண்டு கையாலயும் புடிங்க. வூட்டுக்குப் பெரியவங்க நீங்கதான் முன்னாடி குந்தி ஏந்திட்டு வரணும். மாலை கீழ பட்டா என் வாழ்க்கைக்கு ஆவாதுங்க."

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பெரிய மரியாதை ஆயிற்றே! லாசர் மார்பு புடைக்க முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டார். சடையன் கூழாங்கல்லைத் தூக்கி எறிந்து மூடியை இறுக்கி, நெருப்பை ஊதிவிட்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரத்தில் வெட்டு நின்றது. கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். வாசலில் காக்கி உடுப்போடு நின்ற மாப்பிள்ளையைக் கண்டதும் ஜோசபின் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

பந்தியில் லாசர் விளக்கம் சொன்னார். "நோவு இன்னான்னா, பின்னாடி கனம் ஜாஸ்தி. நான் முன்னாடி வந்து குந்தினேன், வண்டி சீராயிட்ச்சி." நாலு பேர் தலையாட்டினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'மூடியினால் இவ்வளவு வெட்டாதே, குழாயில்தான் ஏதோ அடைப்பு' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றவில்லையா? விரல்கூட லேசாக உயரவில்லையா? உயர்ந்தது என்றால், அடுத்த கல்யாணத்தில் யாராவது உங்களிடம் மரியாதையாக மாலைத் தட்டை நீட்டும்போது, மார்பு புடைப்பதற்கு முன்னால், அது எதற்காக என்று கொஞ்சம் யோசியுங்கள்.